பிள்ளைகள் உட்காரும் தரை: பள்ளி, கல்லூரிப் புதுப்பிப்புக்கு ஏற்ற தளம் எது?

தமிழ்நாட்டில் பள்ளிக் கட்டடங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு விபத்துக்குப் பிறகுதான் எழுந்திருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோன பிறகு கூரைகளைப் பற்றிப் பேசினோம். பள்ளிகளில் இருந்த கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு சுவர்களைப் பற்றிப் பேசினோம். பழுதடைந்த கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. தரையைப் பற்றி அப்படிப் பேசும் வேளை இன்னும் வரவில்லை. மழைநாளில் தாழ்வாரத்தில் வழுக்கி விழுந்து கை முறிந்த பிள்ளையைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. வெடித்த சிமென்ட் தளத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து எழும் குழந்தையின் சங்கடமும் எந்தக் கோப்பிலும் ஏறாது.

இப்போது பேசியாக வேண்டிய காலம். 2022-23 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவைக் குறிவைத்தது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பள்ளிகளுக்கு உதவ ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற வழியும் அதே ஆண்டில் திறந்தது. கல்லூரிகளில் தரமதிப்பீட்டு அமைப்பான நாக்கின் குழு வருகைக்கு முன்பு புதுப்பிப்புப் பணிகள் நடப்பது வழக்கமாகிவிட்டது. இந்தப் பணிகளில் பெரும்பாலும் முதலில் மாறுவது சுவரின் வண்ணம், அடுத்து தரை. அந்தத் தரை எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது, எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நம் பள்ளியில் தரை செய்யும் வேலை

தரை பற்றிய வெளிநாட்டு வழிகாட்டிகளில் ஓர் அடிப்படை அனுமானம் உண்டு: பிள்ளை ஷூ போட்டிருக்கும், நாற்காலியில் உட்காரும், தனிக்கூடத்தில் மேசையில் சாப்பிடும். நம் தொடக்கப் பள்ளிகளில் இந்த மூன்றுமே பொருந்தாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து இறக்கித் தரையில் வட்டமாக உட்கார வைத்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை குழுவாக உட்கார்ந்து படிப்பதே முறை. செருப்பு வாசலில் கிடக்கும், உள்ளே வெறுங்கால்தான்.

சாப்பாடும் அதே தரையில்தான். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் மதிய உணவைப் பள்ளி வராந்தாவில் பரவலாக்கியது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆக, ஒரே தரை காலையில் பந்தி, பிறகு வகுப்பு, நண்பகலில் மறுபடி பந்தி, மாலையில் விளையாட்டு என்று மாறிக்கொண்டே இருக்கிறது. உப்புமாவும் சாம்பாரும் சிந்தும், தண்ணீர் கொட்டும், உடனே கூட்டித் துடைக்க வேண்டும். நம் தொடக்கப் பள்ளியில் நாற்காலியும் மேசையும் தரைதான்.

தரை குழந்தையின் உடலையும் அறிவையும் எவ்வளவு தொடுகிறது என்பதற்கு மெக்சிகோவில் நல்ல சான்று இருக்கிறது. 2000-இல் அந்நாட்டின் கோவாவிலா மாநிலம், ‘பிசோ ஃபிர்மே’ என்ற திட்டத்தில் ஏழை வீடுகளின் மண் தரைக்குச் சிமென்ட் தளம் போட்டுக் கொடுத்தது. 2009-இல் வெளியான ஆய்வு, அந்த வீடுகளில் குழந்தைகளின் குடற்புழுத் தொல்லை, வயிற்றுப்போக்கு, இரத்தசோகை மூன்றும் குறைந்ததையும், அவர்களுடைய அறிவு வளர்ச்சி மேம்பட்டதையும் காட்டியது. அது வீடுகளைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும், சுத்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய தரை கல்விக்கும் உதவும் என்ற முடிவு, தரையில் உட்கார்ந்து படிக்கும் நம் பிள்ளைகளுக்கு நெருங்கியது.

முதல் கேள்வி: மாற்றத்தான் வேண்டுமா?

புதுப்பிப்பு என்றதும் பழைய தரையை உடைப்பது அல்லது மூடுவது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். பல பள்ளிகளிலும் அரசுக் கல்லூரிகளிலும் இருக்கும் மொசைக் தரை அப்படி ஒதுக்கத்தக்கதல்ல. மொசைக்கின் மேல் அடுக்கில் சிமென்டோடு பளிங்குக் கல் சில்லுகள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கின்றன. பல ஆண்டு அழுக்கால் மங்கிப்போனாலும், மெஷின் வைத்து இரண்டு மூன்று சுற்று இழைத்துப் பாலிஷ் போட்டால் அடியிலுள்ள புதிய பரப்பு மேலே வந்துவிடும். ஆங்காங்கே உடைந்த கல்லை மட்டும் எடுத்துவிட்டு மாற்றலாம். இதற்கு ஆகும் செலவு புதுத் தரையின் செலவைவிடக் குறைவு. கட்டட இடிபாடும் மிஞ்சாது.

கடப்பா கல், சிவப்பு ஆக்சைடு தரை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். கடப்பா கற்களின் இணைப்பு விட்டுப்போயிருந்தால் பழைய சாந்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால் போதும். சிவப்பு ஆக்சைடு தரையில் மயிரிழை விரிசல் வந்திருந்தால் அது அழகுக் குறைதான், பழுது ஆகாது. ஆனால் தரை இறங்கியிருந்தால், தட்டினால் பொள்ளலாக ஒலித்தால், அடியிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டிருந்தால், மேலே எதைப் போட்டாலும் பயனில்லை. உடைத்து அடித்தளத்திலிருந்து செய்ய வேண்டும். எது எந்த நிலை என்று அறிய, ஒரு கொத்தனாரும் பொறியாளரும் ஒவ்வொரு அறையாகச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதே போதும். இந்தச் சோதனை நடக்காமல் மதிப்பீடு தயாரிக்கக் கூடாது.

மாடிகளில் இன்னொரு கேள்வி எடை. சென்னையிலும் பிற ஊர்களிலும் உள்ள நூற்றாண்டு கண்ட கல்லூரிகள் பலவற்றின் மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ்: மர உத்திரங்கள், அவற்றின் மேல் குத்துவாட்டில் அடுக்கிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதன் மேல் ஐந்து செ.மீ. சிமென்ட் சாந்து போட்டு டைல்ஸ் பதித்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 முதல் 130 கிலோ கூடுகிறது. வகுப்பறைத் தளம் தாங்க வேண்டிய மக்கள், தளவாடங்களின் சுமையாக இந்தியத் தரக்குறி ஐ.எஸ். 875 சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு இணையான பளுவை நாம் அழகுக்காக நிரந்தரமாக ஏற்றிவிடுகிறோம். இத்தகைய கட்டடங்களில் பிரேக்கர் மெஷின் வைத்து உடைப்பதும் ஆபத்து. அதிர்வு சுண்ணாம்புப் பிணைப்பைத் தளர்த்திவிடும். அங்கே பழைய தரையைப் பழுது பார்ப்பதே முதல் வழி. அது முடியாதபோது எடை குறைந்த மேல்விரிப்பு.

எதை வைத்து அளப்பது?

தரையின் தகுதியை ஆறு வகையில் பார்க்கலாம்: வழுக்காமை, தேய்மானம், சுத்தம் செய்யும் எளிமை, ஓசை, ஓதத்தைத் தாங்கும் திறன், எல்லோரும் நடமாட உதவும் தன்மை. இவற்றில் முதல் மூன்றும் எந்த அறையிலும் விட்டுக்கொடுக்க முடியாதவை.

வழுக்கலை அளக்க உலகில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. பிரிட்டனில் ஊசல் சோதனை: ரப்பர் பதித்த ஊசலை நனைந்த தரையில் உரசவிட்டு எண் எடுப்பார்கள். 36-உம் அதற்கு மேலும் இருந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு. 25 முதல் 35 வரை நடுத்தரம். 24-உம் அதற்குக் கீழும் அதிகம். ஜெர்மானிய முறையில் சாய்தளத்தில் ஆளையே நடக்க வைத்து, எத்தனை டிகிரி சாய்வில் கால் வழுக்குகிறது என்று பார்க்கிறார்கள். டைல்ஸ் விவரத்தாள்களில் வரும் ஆர்-9, ஆர்-10, ஆர்-11 என்ற குறிகள் இந்தச் சோதனையிலிருந்து வந்தவை. ஆனால் அவை ஷூ அணிந்த காலுக்கும் எண்ணெய் பூசிய தரைக்கும் உரிய அளவுகள். வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அதே நாட்டில் ஏ, பி, சி என்ற தனி வகைப்பாடு இருக்கிறது: ஏ என்றால் 12 டிகிரி, பி என்றால் 18, சி என்றால் 24. செருப்பை வாசலில் விடும் பள்ளியில் இந்த இரண்டாவது வகைப்பாட்டையே கேட்டு வாங்க வேண்டும். கழிப்பறைக்கும் கைகழுவும் இடத்துக்கும் குறைந்தது பி என்று விலைப்புள்ளி அறிவிப்பிலேயே எழுதலாம்.

சொரசொரப்பு கூடக்கூட அழுக்கும் பிடிக்கும். வராந்தாவில் வழுக்காது என்று மிகக் கரடான டைல்ஸைப் போட்டுவிட்டு, அதன் பள்ளங்களில் கறுப்பேறிய மண்ணைத் தேய்த்தெடுக்கத் தூய்மைப் பணியாளரைப் படாதபாடு படுத்தும் பள்ளிகள் உண்டு. கிராமத் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்மணி பகுதிநேர ஊதியத்தில் பள்ளி முழுவதையும் கூட்டித் துடைக்கிறார். விளக்குமாறும் துணியும் ஒரு வாளித் தண்ணீரும் அவருடைய கருவிகள். இந்தக் கருவிகளால் சுத்தமாகாத தரை, எவ்வளவு உயர்ந்ததானாலும், அந்தப் பள்ளிக்கு உதவாது. தரையைத் தீர்மானிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை மட்டுமல்ல, அறிவுடைமையும்கூட.

பொருள்களின் குணமும் குறையும்

சிமென்ட் தரை. நம் பள்ளிகளில் அதிகம் பழகியது இதுதான். இதன் மீது புகார்கள் நிறைய: மண் உதிர்கிறது, வெடிக்கிறது, குழி விழுகிறது. பெரும்பாலும் குற்றம் சிமென்டில் இல்லை, போட்ட விதத்தில் இருக்கிறது. தண்ணீர் மிகுந்த கலவையைக் கொட்டி, மேலே வெறும் சிமென்டைத் தூவித் தேய்த்து, இரண்டே நாளில் நடக்கவிட்டால் மேற்பரப்பு வலுவிழந்து பொடியாகும். பெரிய அறையை ஒரே பலகையாகப் போட்டால், காயும்போது சுருங்கித் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். இரண்டு மீட்டருக்கு மிகாத கட்டங்களாகப் பிரித்து, இடையில் கண்ணாடிப் பட்டை வைத்து, அளவான தண்ணீரில் கலந்து, ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை தண்ணீர் கட்டி வைத்தால் சிமென்ட் தரை ஒரு தலைமுறை உழைக்கும். செலவு குறைவு, உள்ளூர்க் கொத்தனாரே போதும், பழுது பார்ப்பதும் எளிது. சத்துணவுப் பொருள் வைக்கும் அறைக்கும் கைத்தொழில் கூடத்துக்கும் இன்றும் இதைவிடப் பொருத்தமானது குறைவு.

சிவப்பு ஆக்சைடு தரை. சிமென்டோடு இரும்பு ஆக்சைடு நிறமி சேர்த்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. வெறுங்காலுக்கு இதமானது, இணைப்பே இல்லாததால் அழுக்குச் சேராது, பழகப் பழகப் பளபளக்கும். இதற்கு வேண்டியது கைத்திறன். அந்தத் திறனுள்ள கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். நல்ல ஆள் கிடைக்கும் ஊரில் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஆள் இல்லாத ஊரில் ஒப்பந்தக்காரரைக் கட்டாயப்படுத்திப் போடவைத்தால் திட்டுத்திட்டாக நிறம் மாறிய தரைதான் மிஞ்சும்.

ஆத்தங்குடி கல். செட்டிநாட்டு வீடுகளுக்குப் புகழ் சேர்த்தது. கண்ணாடிப் பலகையின் மேல் நிறக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் சேர்த்து, நீரில் ஊறவைத்துக் கையால் செய்கிறார்கள், சூளை கிடையாது. கல்லூரி நூலகம், ஆசிரியர் அறை, நுழைவுக்கூடம் போன்ற இடங்களுக்கு அழகும் பொருத்தமும் கொண்டது. ஆசிட் படும் கழிப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் ஆகாது.

கல் தரைகள். கடப்பா கல்லும் ராஜஸ்தானத்துக் கோட்டா கல்லும் சுண்ணாம்புக் கல் இனம். அடர்த்தி மிக்கவை, ஆயிரக்கணக்கானோர் நடக்கும் கல்லூரித் தாழ்வாரத்தில் பல பத்தாண்டுகள் தாங்குபவை. பாலிஷ் போகப்போக மறுபடி இழைக்கலாம். அமிலம் பட்டால் நுரைத்து அரிக்கும் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். கிரானைட் அமிலத்தையும் பொறுக்கும். கிருஷ்ணகிரி, மதுரை வட்டாரங்களில் நம் மாநிலத்திலேயே கிடைக்கிறது. படிக்கட்டுக்கு அதைப் பளபளப்பாகப் போடுவது பெருந்தவறு. தீ நாக்கால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் படிக்கட்டுக்கும் சாய்தளத்துக்கும் மிக நல்லது.

டைல்ஸ். இன்று புதுப்பிப்பு என்றாலே இதுதான். நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. பெட்டியைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். உள்ளே வேறுபாடு பெரிது. சர்வதேச வகைப்பாட்டின்படி விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கும் மேல் குடிக்கும்; அதைத் தரையில் பதித்தால் எளிதில் உடையும். விட்ரிஃபைடிலும் மேலே படம் அச்சிட்டு மெருகு பூசியது ஒரு வகை. நிற அடுக்கு மூன்று நான்கு மி.மீ. ஆழம் உள்ள டபுள் சார்ஜ் ஒரு வகை. முழுத் தடிமனும் ஒரே நிறமான ஃபுல் பாடி ஒரு வகை. மணல் ஒட்டிய கால்கள் நாளெல்லாம் நடக்கும் பள்ளியில் அச்சு மெருகு தேய்ந்து வெள்ளை தெரியும். டபுள் சார்ஜோ ஃபுல் பாடியோதான் தாங்கும். மேற்பரப்பு மினுக்கமற்ற மேட் ஆக இருக்க வேண்டும். கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸ் ஈரத்தில் வழுக்குவதோடு, ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக் கரும்பலகையையும் ஸ்மார்ட் வகுப்பறைத் திரையையும் பார்க்கவிடாமல் கண்ணைக் கூசச் செய்யும். திறப்பு விழாவின் புகைப்படத்தில் அழகாக விழும் தரை இதுவே. பிள்ளைகள் அதிகம் சிரமப்படும் தரையும் இதுவே.

டைல்ஸ் பெயர்ந்து கூடாரம்போல் எழும்புவதற்கும் காரணம் தெளிவானது. தண்ணீர் குடிக்காத விட்ரிஃபைடை வெறும் சிமென்ட் பாலில் ஒட்டினால் பிடிப்பு வராது. இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்தால், வெயிலில் விரியும்போது ஒன்றையொன்று தள்ளி மேலே எழும். தரக்குறி பெற்ற டைல்ஸ் பசையை முழுப் பரப்பிலும் சீவிப் பூச வேண்டும். நான்கு மூலையில் உருண்டை வைத்து ஒட்டக் கூடாது. இரண்டு மூன்று மி.மீ. இடைவெளிவிட்டு, சுவரோரத்திலும் விரிய இடம் கொடுக்க வேண்டும்.

வினைலும் லினோலியமும். லினோலியம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்டன் கண்டுபிடித்தது. ஆளிவிதை எண்ணெயே அதன் மூலப்பொருள். பிரிட்டன், ஐரோப்பியப் பள்ளிகளில் அதுவும் வினைலும் பரவலாக இருக்கின்றன. காலுக்கு மிருது, ஓசை குறைவு, இணைப்புகளைச் சூட்டில் ஒட்டிவிட்டால் தண்ணீர் இறங்காது. நம் ஊரில் இவற்றின் எதிரி ஓதம். அடித்தளக் கான்கிரீட்டின் ஈரம் 75 சதவீத ஒப்பு ஈரப்பதத்துக்குக் கீழே வந்த பிறகே விரிக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் நடைமுறை. ஈரத்தடுப்பு இல்லாமல் கட்டிய நம் தரைத்தள வகுப்பறைகளில் விரித்தால், வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் பசை விட்டுக் கொப்பளிக்கும். மாடியிலுள்ள கணினி அறை, இசை அறை, நூலகம் போன்றவற்றுக்கு ஏற்றது. பழைய கட்டடத்தில் பல பத்தாண்டுக்கு முந்தைய வினைல் டைல்ஸ் இருந்தால் அதிலோ அதன் பசையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதிக்காமல் சுரண்டக் கூடாது.

அறைக்கு அறை

பள்ளி முழுவதும் ஒரே டைல்ஸ் என்பது மதிப்பீடு போடுபவருக்குச் சுலபம், பயன்படுத்துபவருக்குத் துன்பம். தரை அறைக்கு அறை மாற வேண்டும்.

தொடக்கப் பள்ளி வகுப்பறைக்குச் சிவப்பு ஆக்சைடு, இழைத்த மொசைக், மேட் விட்ரிஃபைடு ஆகிய மூன்றும் ஏற்றவை. குழந்தைகள் உட்காரும் பகுதியில் கழுவக்கூடிய தடித்த விரிப்பு தருவது தரைச் செலவின் ஒரு பகுதியாகவே கணக்கில் சேர வேண்டும். மார்கழிக் குளிரில் வெறுந்தரையில் ஐந்து வயதுக் குழந்தையை உட்கார வைப்பது முறையல்ல.

ஓசையை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கத் தரக்குறி, வகுப்பறையில் எதிரொலி அடங்கும் நேரம் 0.6 விநாடியைத் தாண்டக் கூடாது என்கிறது. டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்த நம் வகுப்பறைகளில் ஆசிரியரின் குரல் குழம்பிப்போவதை அங்கே பாடம் நடத்தும் எவரும் சொல்வார்கள். தரையை மாற்றுவதால் மட்டும் இது தீராது. கூரையிலும் சுவரிலும் ஒலியை உறிஞ்சும் பலகை வேண்டும். ஆனால் மாடி வகுப்பில் பெஞ்சு இழுக்கும் சத்தம் கீழே இடிபோல் விழுவதைப் பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் உறை போட்டே பெருமளவு குறைக்கலாம். தரையில் கீறலும் விழாது.

திறந்த தாழ்வாரமும் படிக்கட்டும் மழை நேரடியாக அடிக்கும் இடங்கள். இங்கே சொரசொரப்பான கல்லோ, கனமான பார்க்கிங் டைல்ஸோ, கோடு போட்ட சிமென்ட் தளமோ வேண்டும். எதைப் போட்டாலும் வெளிப்பக்கம் வாட்டம் இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். பாசியின் மேல் எந்தத் தரையும் வழுக்கும். படியின் விளிம்பு வேறு நிறத்தில் இருக்க வேண்டும்.

கழிப்பறைதான் அதிகக் கவனம் கேட்பது. அங்கே ஒரு அடிக்கு ஒரு அடி என்ற சிறிய டைல்ஸே சரி. நீர் வெளியேறும் வாயை நோக்கி நான்கு பக்கமும் வாட்டம் கொடுக்கப் பெரிய டைல்ஸ் வளைந்து கொடுக்காது. சிறியவற்றின் இணைப்புகள் காலுக்குப் பிடிப்பும் தரும். மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. வாட்டம் போதும். நம் பள்ளிக் கழிப்பறைகளின் நாற்றம் பெரும்பாலும் டைல்ஸின் இணைப்புகளில் பூசிய சிமென்ட் சாந்து சிறுநீரை உறிஞ்சிக்கொள்வதால் வருவது. அதற்குப் பதிலாக இணைப்பில் பூசக்கூடிய எப்பாக்ஸி கிரவுட் விலை கூடியது. உறிஞ்சாது, அமிலத்துக்கும் கரையாது. கழிப்பறைக்காவது அதைத்தான் போட வேண்டும். கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் நச்சுவாயு எழும்; அது முதலில் தாக்குவது கழுவும் பணியாளரை.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்கு அமிலம் தாங்கும் டைல்ஸுக்கென்றே ஐ.எஸ். 4457 என்ற தரக்குறி இருக்கிறது, இணைப்புக்கு எப்பாக்ஸி. இயற்பியல் ஆய்வகத்தில் இன்னும் பாதரசக் கருவிகள் இருந்தால், சிந்திய துளிகள் ஒளிய முடியாதபடி இணைப்பில்லாத தரை வேண்டும். கணினி அறைக்கு நிலைமின்சாரத்தைக் கடத்திவிடும் வினைல் நல்லது. உள்ளரங்கில் கபடிக்கும் ஜூடோவுக்கும் விலையுயர்ந்த மரத்தளத்தைவிடச் சமமான சிமென்ட் தளத்தின் மேல் தரமான மேட் விரிப்பது நம் நிதிக்கு இசைவானது. முற்றத்தில் பேவர் பிளாக் பரப்பும் பழக்கம் கூடிவருகிறது; சித்திரை வெயிலில் அதன் மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. இறைவணக்கக் கூட்டம் நடக்கும் இடத்தில் மரமும் மண்ணும் இருக்கட்டும்.

எல்லோருக்குமான தரை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, கல்வி நிலையங்களின் கட்டடமும் வளாகமும் எல்லோரும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. 2021-இல் ஒன்றிய அரசு இதற்கான வழிகாட்டு நெறிகளைப் புதுப்பித்தது. தரையைப் புதுப்பிக்கும் நேரமே இதை நிறைவேற்ற உகந்த நேரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம். வாசலில் தடுக்காத சமமான நிலை. படிக்குமுன் பார்வையற்றோருக்கு எச்சரிக்கை தரும் புள்ளி டைல்ஸ், வழிகாட்டக் கோட்டு டைல்ஸ். புள்ளியும் கோடும் இடம் மாறிப் பதிக்கப்பட்டால் அது பார்வையற்ற மாணவரை ஏமாற்றும் தரையாகிவிடும். கொத்தனாருக்கு இதை விளக்கிச் சொல்வது பொறியாளரின் கடமை. பார்வை மங்கியோருக்காகத் தரையும் சுவரும் ஒரே நிறமாக இல்லாமல், ஒளி திருப்பும் அளவில் 30 புள்ளியாவது வேறுபட வேண்டும் என்பது பிரிட்டிஷ் தரக்குறியின் அறிவுரை. சுவரடியில் ஓடும் அடர்நிற ஸ்கர்ட்டிங் ஒன்றே இதைப் பெரிய செலவின்றி நிறைவேற்றும். மாப் தண்ணீர் தெறித்த கறையையும் மறைக்கும்.

பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டும்போது தரை ஒன்றரை செ.மீ. வரை உயரும். வராந்தாவுக்கும் அறைக்கும் இடையே புதிதாக ஒரு மேடு முளைத்துவிடும். சக்கர நாற்காலிக்கும் ஓடிவரும் குழந்தைக்கும் அது தடை. இரண்டு பக்கமும் சேர்த்து உயர்த்த முடிந்தால் மட்டுமே இந்த முறையைக் கைக்கொள்ளலாம்.

காலமும் பணமும்

நம் பள்ளிகளுக்கு மே மாத விடுமுறையே பெரிய வாய்ப்பு. ஒப்பந்தம் தாமதமாகி மே நடுவில் வேலை தொடங்கினால், ஜூன் திறப்புக்கு முன் முடிக்க வேண்டிய அவசரத்தில் முதலில் பலியாவது கியூரிங். தண்ணீர் கட்டாத தரை அடுத்த கோடைக்குள் பெயரும். பழி பொருளின் மேல் விழும். மதிப்பீடு, விலைப்புள்ளி, பொருள் தேர்வு எல்லாம் மார்ச்சுக்குள் முடிந்திருக்க வேண்டும். அப்படி முடியாத ஆண்டில் ஒரே கட்டமாகச் செய்யாமல், காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் சில அறைகளாகச் செய்வது நல்லது.

மிகக் குறைந்த விலைப்புள்ளிக்கே பணி என்ற நடைமுறையில், சதுர அடி விலை மட்டுமே ஒப்பிடப்படுகிறது. இருபது ஆண்டுக் கணக்கைப் போட்டால் படம் மாறும். இரண்டு முறை பெயர்த்துப் போட வேண்டிய மலிவான டைல்ஸைவிட, ஒருமுறை போட்டு நடுவில் ஒருமுறை இழைக்கும் மொசைக்கும் கடப்பாவும் சிக்கனமானவை. விலைப்புள்ளி அறிவிப்பில் வகை, மேற்பரப்பு, வெறுங்கால் வழுக்கல் தரம், பசை, கிரவுட், கியூரிங் நாள்கள், பழுதுக்கு வைக்க ஐந்து சதவீதம் கூடுதல் டைல்ஸ் ஆகியவற்றை எழுதிவிட்டால் ஒப்பிடுவதும் நேர்மையாகும்.

முடிவாக

எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும் ஒரே தரை கிடையாது. தேர்வின் வரிசை மட்டும் எங்கும் ஒன்றுதான். பழையதைக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாதபோது, அந்த அறையில் யார் உட்காருகிறார்கள், எது சிந்துகிறது, யார் துடைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பிறகு பொருளைத் தேர்ந்து, கடைசியில் நிறத்துக்கு வரலாம். இன்று இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. பளபளப்பான டைல்ஸ் எல்லா அறைக்கும் ஒரே விடையாகிவிட்டது. அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை, இழைத்த மொசைக்கும் கல்லும் நல்ல சிமென்ட் தரையும் அந்த டைல்ஸைவிடச் சிறந்தவை என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இன்று பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மையினர் பெற்றோர். உங்கள் பள்ளியில் அடுத்த முறை தரை மாற்றும் பேச்சு வந்தால், மாதிரி டைல்ஸைக் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் மேல் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றி, நீங்களே நடந்து பாருங்கள். வழுக்கினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று தீர்மானத்தில் எழுதுங்கள்.